ஈரம் பட்ட ஏழாம் பக்கம்

பனி ஊறிய சப்பாத்தைக் கழற்றி வைக்கக்
கதவடியில் விரித்த பேப்பர்.
வாசிக்க வாங்கியதல்ல.
பக்கத்து வீட்டுக்காரர்
குறுக்கெழுத்தை நிரப்பிவிட்டுத் தருவார்.
குனிந்து நாடாவை அவிழ்க்கையில்
இடது சப்பாத்துக்கும் வலதுக்கும் நடுவே
ஏழாம் பக்கம், கீழ் மூலை,
விரல் நீளத்தில் ஒரு செய்தி.

தண்டர் பே. மைனஸ் முப்பத்தொன்று.
கடைசி பஸ்ஸை ஓட்டும் பெண்,
ஈர்யா ஹக்கரைனன், 58,
போக இடமில்லாத ஒருவரை
பதினோரு இரவுகள் இறக்கிவிடவில்லை.
கடைசித் தரிப்பிடம் தாண்டி டிப்போ வாசல் வரை,
பிறகு டிப்போவுக்குள்ளும்,
எஞ்சினை அணைக்காமல்.
நாற்றம் என்று இரண்டு பயணிகள் முறையிட்டார்கள்.
நிர்வாகம் அவரை

அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரி.
என் சப்பாத்திலிருந்து வடிந்த உப்புத் தண்ணீர்
அதைக் குடித்துவிட்டது.

மொன்றியலில் இருந்து இளங்கீரன் அனுப்பிய மெட்டு
நாலு நாளாய் ஃபோனில் கிடக்கிறது.
தன்னன தானன தன்னன தானா.
கலியாண அல்பத்துக்கு ஐந்தாவது பாட்டு.
"நிலா வேண்டாம் மச்சான்,
மற்ற நாலிலயும் நிலாதான்."
நிலாவை விட்டால் எனக்கு வேறு என்ன தெரியும் என்று
ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில்
விரிப்பு மடித்தபடி
நாலு நாளாய் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஒற்றைக் காலில் சப்பாத்தோடு
படியிலேயே உட்கார்ந்து
பெயரை வாய்விட்டுச் சொன்னேன்.
ஈர்யா. தானா.
மெட்டின் கடைசிச் சீர்
அவளுக்கென்றே திறந்து கிடந்ததுபோல.
அவளுடைய மொழியில் அதற்கு என்ன பொருளோ,
என் காதில் ஈரம்.

பல்லவி பேப்பரின் ஓரத்திலேயே வந்தது:

    எஞ்சினும் தூங்கலை என்னவோ, ஈர்யா
    கொஞ்சமாய் ஹீட்டரும் கூடுதே, ஈர்யா

செய்தியில் தேத்தண்ணி இல்லை.
நான் ஊற்றினேன். இஞ்சியும் தட்டிப் போட்டேன்.
அந்த மனிதருக்குத் தொப்பி ஒன்று கொடுத்தேன்.
பெயர் கொடுக்கவில்லை,
பேப்பருக்கே தெரியாததை நான் எங்கே எடுப்பது.
பதினோரு இரவை ஏழாக்கினேன்,
ஏழுதான் தாளத்தில் உட்கார்ந்தது.
ஐம்பத்தெட்டு வயதைக் கழற்றினேன்.
தண்ணீர் குடித்த வரிகளுக்குப் பதிலாக
நிர்வாகத்தை மன்னிக்க வைத்தேன்.
நாற்றத்தை எடுத்துவிட்டேன்.

மெட்டில் இடமில்லை என்று
எனக்கே சொல்லிக்கொண்டேன்.
இருந்தது.
இரண்டு அசை சும்மா கிடந்தது.
அதில் ஓர் 'ஆகா' போட்டு நிரப்பியிருந்தேன்.

இளங்கீரன் கேட்டுவிட்டுச் சொன்னான்:
"நல்லாத்தான் இருக்கு.
ஆனா இதில ஆர் ஆரைக் காதலிக்கினம்?"
"முடியட்டும், சொல்லுறன்" என்றேன்.
எனக்கும் தெரியவில்லை.

சனிக்கிழமை நூலகத்தில்
அதே பேப்பர், காய்ந்தபடி.
நிர்வாகம் அவரை
இரண்டு வாரம் சம்பளமில்லாமல் நிறுத்திவைத்துள்ளது.
அந்தப் பயணி இப்போது எங்கே என்று தெரியவில்லை.
அவ்வளவுதான்.
மன்னிப்பு என் பேனா செய்த வேலை.

திரும்பி வர அதே வழித்தடம், கடைசி பஸ்.
ஓட்டியவன் ஓர் இளைஞன்.
அவளைப் பற்றிக் கேட்க வாய் வரைக்கும் வந்தது,
இறங்கும் மணியை மட்டும்
யாரோ அடித்தார்கள்.

பின் சீட்டில் தாளை விரித்து
மன்னிப்பை அடித்தேன்.
'ஆகா'வை அடித்தேன்.
அதே இரண்டு அசையில், அளவு மாறாமல்,
'நாற்றம்' ஏறி உட்கார்ந்தது.
பழைய தமிழில் அது மணம் என்று இருந்த சொல்.
அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ளவில்லை.

மெட்டு ஒரு கணம் முகம் சுளித்தது.
பிறகு
பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு
ஜன்னல் பக்கம் நகர்ந்து
இடம் விட்டது.